ஊட்டிப் பழகிவிட்டு வீட்டுக்குக் கூட்டிச் செல்லுங்கள்

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. இன்னும் 3 நாளில் டிஸ்சார்ஜ். பார்த்துக்கொள்ளப் போவது நான்தான். பிபி ஏறி இறங்குகிறது. வாட்டர் பெட் வாங்க வேண்டுமா? வீடியோக்கள் பார்த்து வருகிறேன். என் கையால் ஏதாவது ஆகிவிடுமோ என்று தூக்கமே இல்லை.

பதில்: உங்கள் பயம் நியாயமானது. நர்ஸுகள் ஆண்டுக்கணக்கில் படித்துச் செய்யும் வேலையை, ஒரு தாளைக் கையில் கொடுத்து வீட்டாரிடம் ஒப்படைத்துவிடுகிறோம். அது எங்கள் தவறு.

வீடியோக்களை விடுங்கள். உங்கள் அப்பாவின் தொண்டையில் எவ்வளவு பலம் மிச்சமிருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது. இந்த 3 நாளும் சாப்பாட்டு நேரத்தில் வார்டில் இருங்கள். நர்ஸ் ஊட்டுவதைப் பார்த்தால் போதாது. நீங்கள் ஊட்ட, அவர் பார்க்க வேண்டும். முதுகு நிமிர உட்கார வையுங்கள். சின்னக் கரண்டி. ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்த வாய். வலது கன்னத்துக்குள் உணவு ஒதுங்கி நிற்கிறதா என்று பாருங்கள். சாப்பிட்டு அரை மணி நேரமாவது படுக்கவிடாதீர்கள். தண்ணீர் எளிதில் இறங்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள்; பக்கவாதம் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் புரையேறும். விழுங்கும் திறனைச் சோதித்தார்களா, திரவங்களைக் கெட்டியாக்கித் தர வேண்டுமா என்று கேட்காமல் கிளம்பாதீர்கள்.

ஒன்றை மட்டும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். குடித்த பின் தொண்டைக்குள் தண்ணீர் நிற்பதுபோல அவர் குரல் களகளத்தால், வாய்வழியாக எதுவும் தராமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். இருமவில்லையே என்று சும்மா இருக்காதீர்கள். பக்கவாதத்தில் இருமலே இல்லாமலும் உணவு நுரையீரலுக்குள் போகும். காய்ச்சலோ மேல்மூச்சு வாங்குவதோ சேர்ந்தால் நிமோனியாவாக இருக்கலாம், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

படுக்கைப் புண் வராமலிருக்க வாட்டர் பெட் வாங்குங்கள், ஆனால் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பதை அதற்காக விட்டுவிடாதீர்கள். பிபி கொஞ்சம் ஏறி இறங்கத்தான் செய்யும். மாத்திரையை நீங்களாகக் கூட்டிக் குறைக்கும் வேலை வேண்டாம். கேட்காமல் இடித்துக் கொடுப்பதும் வேண்டாம், சில மாத்திரைகளைப் பொடியாக்கவே கூடாது. எழுப்பும்போது வலது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்மூட்டு விலகிவிடும்.

வீட்டிலிருந்து இன்னொருவரையும் நாளைக்கே வார்டுக்கு வரச் சொல்லி ஊட்டிப் பழக்குங்கள். உங்களுக்குக் காய்ச்சல் வரும் நாளிலும் அப்பாவுக்குப் பசிக்கும்.