தலைவர்களைச் சுடுகிறவர்கள் பித்துப் பிடித்தவர்களா? மனநல மருத்துவரிடம் கேள்வி பதில்

செந்தில்: டாக்டர், தப்பிக்க வழியில்லை என்று தெரிந்தே கூட்டத்துக்கு நடுவில் போய் ஒரு தலைவரைச் சுடுகிறான். புத்தி தெளிவாக இருக்கிறவன் இதைச் செய்வானா?

செய்வான். உயிரைத் துச்சமாக நினைப்பது வேறு, புத்தி பேதலிப்பது வேறு. 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்ட காவ்ரிலோ பிரின்சிப்புக்கு வயது 19. கூட்டாளிகள், துப்பாக்கிப் பயிற்சி, கையில் விஷம், ஆஸ்திரிய ஆட்சி ஒழிய வேண்டும் என்ற நோக்கம் எல்லாம் இருந்தன. 1911இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதனின் சட்டைப்பையில் காரணம் சொல்லும் கடிதம் இருந்தது. செய்தது சரியா என்பது தனி விவாதம். இவர்களை நோயாளிகள் என்று சொல்ல நான் எந்த ஆதாரத்தையும் பார்த்ததில்லை.

மீனா: அப்படியென்றால் திட்டம் போட்டுச் செய்கிற எல்லோரும் தெளிவானவர்கள்தானே?

இல்லை. எல்லோரும் சறுக்குகிற இடம் இதுதான். அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டை 1881 ஜூலை 2 அன்று வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சுட்ட சார்லஸ் கிட்டோவைப் பாருங்கள். தான் எழுதிய ஒரு பேச்சால்தான் கார்ஃபீல்ட் ஜெயித்தார் என்று நம்பினான். அதற்காகப் பாரிஸில் தூதரகப் பதவி கேட்டு அலைந்தான். கிடைக்கவில்லை. பிறகு அதிபரை அகற்றச் சொல்லிக் கடவுளே கட்டளையிட்டதாக நம்பத் தொடங்கினான்.

அதற்கப்புறம் அவன் செய்த ஒவ்வொன்றும் கச்சிதம். கடன் வாங்கித் துப்பாக்கி வாங்கினான். பின்னாளில் அருங்காட்சியகத்தில் வைத்தால் அழகாக இருக்கும் என்று தந்தக் கைப்பிடி போட்டதைத் தேர்ந்தெடுத்தான். தன்னை அடைக்கப்போகிற சிறையை முன்கூட்டியே போய்ப் பார்த்தான். ஒரு நாள் அதிபர் எதிரிலேயே இருந்தும் சுடவில்லை. கூட வந்த மனைவி உடல் நலமில்லாமல் தளர்ந்திருந்தார், அவரை நோகடிக்க மனம் வரவில்லையாம்! அஸ்திவாரம் பிரமை, அதன்மேல் எழுப்பிய கட்டடமோ ஒழுங்கானது. பிரமை திட்டமிடும் திறனைப் பறிப்பதில்லை, இலக்கைத்தான் மாற்றிவிடுகிறது. ஜூரி அவனைக் குற்றவாளி என்றது, 1882இல் தூக்கிலிட்டார்கள். இன்று அவனைப் பரிசோதித்திருந்தால் என் முடிவு வேறாக இருந்திருக்கும்.

ராஜா: பைத்தியம் என்று நிரூபித்தால் வெளியே விட்டுவிடுவார்களே?

1843இல் லண்டனில் டேனியல் மக்நாட்டன் பிரதமர் பீலின் செயலாளரைச் சுட்டுக் கொன்றான். ஆளும் கட்சி தன்னைத் துரத்தித் துன்புறுத்துவதாக நம்பியவன் அவன். கோர்ட் குற்றவாளி இல்லை என்றது, ஆனால் சாகும்வரை 20 வருடங்களுக்கு மேல் மனநல விடுதிகளில்தான் இருந்தான். செய்கிற காரியம் என்ன, அது தவறா என்று நோயால் அறிய முடியாதவருக்குத்தான் விலக்கு என்கிற விதி இந்த வழக்கிலிருந்து பிறந்தது. சட்டம் கேட்பது அவ்வளவுதான், நோய் இருக்கிறதா என்று மட்டும் அல்ல.

கனிமொழி: அரசியலுக்காகவே ஒருவருக்குப் பைத்தியப் பட்டம் கட்டுவதுண்டா?

உண்டு, எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம் இது. 1966இல் தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்துக்குள்ளேயே பிரதமர் ஃபெர்வூர்டைக் குத்திக் கொன்ற சஃபெண்டாஸ், வயிற்றில் இருக்கும் நாடாப்புழு ஆட்டிவைப்பதாக நம்பும் மனநோயாளி என்று கோர்ட் முடிவு செய்தது. 1999இல் சாகும்வரை அடைபட்டே இருந்தார். நிறவெறி ஆட்சி மீதிருந்த வெறுப்பை அவர் போலீஸிடமே சொன்னது பின்னால் வெளிவந்தது. புழுக் கதை மட்டும் நின்றதால், ஒருவர் நிறவெறியை எதிர்த்துப் பிரதமரைக் கொன்றார் என்ற பேச்சே எழாமல் போனது. அந்த ஆட்சிக்கு அது வசதியாக இருந்தது.

அருண்: முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

முகத்தைப் பார்த்து முடியாது. அமெரிக்காவில் 1949 முதல் பிரபலங்களைத் தாக்கிய, தாக்க நெருங்கிய 83 பேரை அதிபரைப் பாதுகாக்கும் ‘சீக்ரெட் சர்வீஸ்’ அமைப்பு ஆராய்ந்தது. ‘இப்படிப்பட்டவர்தான் செய்வார்’ என்று ஒரே அச்சில் வார்க்க முடியவில்லை. நேரடியாக மிரட்டியவர்கள் அபூர்வம். பலர் ஒரு தலைவரை விட்டு இன்னொருவரைத் தேடிப் போனார்கள். 1972இல் ஆர்தர் பிரெமர் முதலில் அதிபர் நிக்சனைத்தான் பின்தொடர்ந்தான், கடைசியில் சுட்டது அதிபர் வேட்பாளராக முயன்ற ஜார்ஜ் வாலஸை. பெயர் வெளியே வர வேண்டும், அவனுக்கு அது போதும். அதனால் ஆளின் குணத்தைவிட நடத்தையைக் கவனியுங்கள்: யாரை நோட்டம் விடுகிறான், எதை வாங்குகிறான், யாரிடம் என்ன சொன்னான்.

பெயர் வேண்டாம்: என் தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியா என்கிற மனச்சிதைவு நோய். இப்படிச் செய்தி வந்தாலே அக்கம்பக்கத்தார் அவனை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

அம்மா, உங்கள் தம்பியைப் போன்றவர்களில் ஆகப் பெரும்பாலோர் யாரையும் அடித்ததுகூட இல்லை. அடி வாங்கியவர்கள்தான் நிறைய. மாத்திரையை நிறுத்தாமல் கொடுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, பயப்படுகிற பக்கத்து வீட்டுக்காரர் யாராவது வரச் சம்மதித்தால் அவரையும் கூட்டிப் போங்கள்.