விண்டோஸ் வீட்டில் யுனிக்ஸ் குடித்தனம்: கணினி கேள்வி–பதில்

(கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். கணினியில் ஆங்கிலத்தில் அடிக்கவும். ‘பெரிய’ என்று குறிப்பிடாத எழுத்தெல்லாம் சிறிய எழுத்துதான்.)

சிக்வின், எம்சிஸ்2, டபிள்யுஎஸ்எல் என்று சீனியர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். என் லேப்டாப்பில் 8 ஜிபி ராம்தான். எதைப் போடுவது? மூன்றையும் போட்டுவிடலாமா?
– கல்லூரி மாணவி, அம்மாப்பேட்டை

மூன்றுமே விண்டோஸில் யுனிக்ஸ், லினக்ஸ் கட்டளைகளை ஓட்ட உதவும் மென்பொருள்கள். மூன்றையும் போடாதீர்கள். எழுதும் நிரல் கடைசியில் எங்கே ஓடப்போகிறது என்பதை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

சி, சி++ எழுதி, அந்த .இஎக்ஸ்இ ஃபைலை எந்த விண்டோஸ் கணினியிலும் ஓட்டவேண்டும் என்றால் எம்சிஸ்2. கல்லூரி லேபில் உபுண்டு, புராஜெக்டும் லினக்ஸ் சர்வரில் என்றால் டபிள்யுஎஸ்எல். 1995-இல் சிக்னஸ் நிறுவனத்தில் பிறந்த சிக்வின் மூன்றிலும் மூத்தது. யுனிக்ஸுக்கென்று எழுதிய மூல நிரலை விண்டோஸிலேயே தொகுத்து ஓட்டவும், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினியில் நுழைய), கிரான் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்ட) போன்றவற்றை விண்டோஸ் சர்வீஸாக வைத்துக்கொள்ளவும் இன்றும் அதுதான் வசதி. ஆனால் அதில் தொகுத்த நிரல் போகுமிடமெல்லாம் சிக்வின்1.டிஎல்எல் என்ற நூலக ஃபைலும் கூடவே போகவேண்டும்.

டபிள்யுஎஸ்எல் 2 உண்மையான லினக்ஸ் கெர்னலை மெய்நிகர் எந்திரத்தில் ஓட்டுகிறது. பயாஸில் விர்ச்சுவலைசேஷன் ‘ஆன்’ ஆகியிருக்கவேண்டும். தடுக்காவிட்டால் ராமில் பாதிவரை, அதாவது உங்களுக்கு 4 ஜிபி வரை, எடுத்துக்கொள்ளும். பயனர் ஃபோல்டரில் ‘.டபிள்யுஎஸ்எல்கான்ஃபிக்’ என்ற ஃபைல் உருவாக்கி, சதுர அடைப்புக்குள் டபிள்யுஎஸ்எல்2 என்று ஒரு வரி, கீழே மெமரி=3ஜிபி என்று ஒரு வரி (இதில் ஜிபி மட்டும் பெரிய எழுத்து). பிறகு ‘டபிள்யுஎஸ்எல் --ஷட்டவுன்’ கொடுத்துத் திறந்தால்தான் அது எடுபடும்.

எம்சிஸ்2 போடுகிறவர்கள் எல்லோரும் இடறும் இடம் ஒன்று உண்டு. அதில் பேக்கேஜ் போடும் கட்டளை பேக்மேன், நிரலைத் தொகுப்பது ஜிசிசி. ‘பேக்மேன் -எஸ் ஜிசிசி’ (எஸ் பெரியது) என்று அடித்தால் வருவது எம்சிஸ் சூழலுக்கான ஜிசிசி. அதில் தொகுத்ததை நண்பரின் கணினிக்குக் கொண்டுபோனால் ‘எம்சிஸ்-2.0.டிஎல்எல் இல்லை’ என்று நிற்கும். உங்களுக்கு வேண்டிய பேக்கேஜின் முழுப்பெயர் ‘மிங்டபிள்யு-டபிள்யு64-யுசிஆர்டி-எக்ஸ்86_64-ஜிசிசி’. ஸ்டார்ட் மெனுவில் யுசிஆர்டி64 என்றிருக்கும் ஜன்னலைத் திறந்து அதில் தொகுக்கவேண்டும். சி++ என்றால் ‘-ஸ்டாட்டிக்’ சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் எல்ஐபிஎஸ்டிடிசி++ டிஎல்எல்லைக் கேட்டு அடம்பிடிக்கும். கொடுப்பதற்கு முன் ‘எல்டிடி’ கட்டளையில் நிரலின் பெயரைக் கொடுத்தால் எந்த டிஎல்எல்லையெல்லாம் நம்பியிருக்கிறது என்று காட்டும்.

மலைமேல் நெட் வருவதும் போவதுமாக இருக்கிறது. சேலத்துக்கு இறங்கும்போது டவுனில் டவுன்லோட் செய்துவந்து எஸ்டேட் அலுவலகக் கணினியில் சிக்வினை அப்டேட் செய்ய வழி உண்டா?
– காபி எஸ்டேட் அலுவலகம், ஏற்காடு

உண்டு. சிக்வினின் செட்டப் நிரலை ஒருமுறை ஓட்டிவிட்டுத் தூக்கிப்போடும் இன்ஸ்டாலர் என்று பலரும் நினைக்கிறார்கள். பேக்கேஜ் சேர்ப்பது, நீக்குவது, அப்டேட் செய்வது எல்லாமே அதன் வழியாகத்தான்.

டவுன் கணினியில் காலியான ஒரு ஃபோல்டர் உருவாக்கி, செட்டப்-எக்ஸ்86_64 நிரலைப் புதிதாக இறக்கி அதில் வையுங்கள். பழைய செட்டப் வேண்டாம். பேக்கேஜ் பட்டியல் புதிய செட்டப்பை எதிர்பார்க்கும். முதல் திரையில் ‘டவுன்லோட் வித்தவுட் இன்ஸ்டாலிங்’. அந்த ஃபோல்டரையே ‘லோக்கல் பேக்கேஜ் டைரக்டரி’யாகக் காட்டுங்கள். உங்கள் அலுவலகத்தில் இருக்கும் பேக்கேஜ்கள் எவை என்பது டவுன் கணினிக்குத் தெரியாது. அதனால் மேலேயிருந்து கிளம்புமுன் ‘சிக்செக் -சி’ கட்டளை தரும் பட்டியலை ஒரு ஃபைலில் எடுத்துவந்து, அதிலுள்ளதை டிக் செய்யவேண்டும். விட்டுப்போன ஒரு பேக்கேஜுக்காக மறுபடி கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க நேரக்கூடாது.

முடிந்ததும் மிரரின் (பேக்கேஜ்களை இறக்கிய சர்வரின்) முகவரியையே பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டர் உருவாகியிருக்கும். அதற்குள் செட்டப்.ஐஎன்ஐ பட்டியல் ஃபைலும் இருக்கும். பேக்கேஜ்களை மட்டும் பொறுக்கியெடுக்காமல் முழு ஃபோல்டரையும் பென்டிரைவில் ஏற்றுங்கள். எந்தப் பேக்கேஜுக்கு எது துணை, ஒவ்வொன்றின் சரிபார்ப்புக் குறி என்ன என்பதெல்லாம் அந்த ஐஎன்ஐ ஃபைலில்தான் இருக்கிறது.

அலுவலகக் கணினியில் முதலில் சிக்வின் ஜன்னல்களை எல்லாம் மூடுங்கள். எஸ்எஸ்எச் சர்வீஸ் ஓடினால், நிர்வாகி உரிமையுள்ள கமாண்ட் பிராம்ப்டில் ‘நெட் ஸ்டாப் சிக்எஸ்எஸ்எச்டி’. பிறகு செட்டப்பில் ‘இன்ஸ்டால் ஃபிரம் லோக்கல் டைரக்டரி’. பயன்பாட்டில் இருக்கும் டிஎல்எல்லை விண்டோஸ் மாற்றவிடாது. அப்படி ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் மறுதொடக்கம் செய்யும்போதுதான் மாறும். செட்டப் ‘ரீபூட்’ கேட்டால் ‘பிறகு பார்க்கலாம்’ வேண்டாம். பாதி நிரல் பழைய டிஎல்எல்லிலும் பாதி புதியதிலும் ஓடினால் ‘ஃபோர்க்’ பிழைகள் வரிசைகட்டும்.

கடைசியாக ‘சிக்செக் -சி’ கொடுங்கள். ஒவ்வொரு பேக்கேஜுக்கு எதிரிலும் ‘ஓகே’ இருக்கவேண்டும். ‘இன்கம்ப்ளீட்’ என்றிருப்பதை செட்டப்பில் ‘ரீஇன்ஸ்டால்’ செய்தால் போதும். ‘சிக்ஹீப் பேஸ் மிஸ்மேட்ச்’ என்று வந்தால் வேறு ஏதோ மென்பொருள் தன்னோடு ஒரு பழைய சிக்வின்1.டிஎல்எல்லைக் கொண்டுவந்திருக்கிறது. சி டிரைவ் முழுக்கத் தேடி அதன் பெயரை மாற்றுங்கள்.

கணினி விண்டோஸ் 7 ஆக இருந்தால் இதைத் தொடங்கவே வேண்டாம். விண்டோஸ் 7-ஐ ஏற்கும் கடைசி வரிசை சிக்வின் 3.4. 32 பிட் விண்டோஸ் என்றால் 3.3-ஓடு சரி.

எம்சிஸ்2 அப்டேட் பாதியில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. இப்போது பேக்மேன் ‘அனேபிள் டு லாக் டேட்டாபேஸ்’ என்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி போடவேண்டுமா?
– டைப்பிங் சென்டர் உரிமையாளர், ஆத்தூர்

வேண்டாம். பேக்மேன் வேலை தொடங்கும்போது டிபி.எல்சிகே என்று ஒரு பூட்டு ஃபைல் போடும், முடிந்ததும் எடுத்துவிடும். கரண்ட் போனதால் பூட்டு மட்டும் நின்றுவிட்டது. டாஸ்க் மேனேஜரில் வேறு பேக்மேன் ஓடவில்லை என்று பார்த்துக்கொண்டு, எம்சிஸ்64 ஃபோல்டருக்குள் வார், லிப், பேக்மேன் என்று போய் அந்த ஒரு ஃபைலை அழியுங்கள். பிறகு ‘பேக்மேன் -எஸ்ஒய்யு’ (எஸ் மட்டும் பெரியது).

இப்போது மூன்றில் ஒன்று நடக்கலாம். ‘கரப்டட் பேக்கேஜ்’ என்றால் பாதி இறங்கிய ஃபைல். அழிக்கவா என்று அதுவே கேட்கும், ஒய் கொடுங்கள். ‘எக்ஸிஸ்ட்ஸ் இன் ஃபைல்சிஸ்டம்’ என்றால் ஃபைல்கள் வந்துவிட்டன, பதிவேட்டில் ஏறவில்லை. அந்தப் பேக்கேஜை மட்டும் ‘--ஓவர்ரைட்’ சேர்த்து மறுபடி போடுங்கள். எல்லாப் பேக்கேஜுக்கும் அதைக் கொடுக்கும் பழக்கம் வேண்டாம். மூன்றாவது, கையொப்பப் பிழை. முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பில் சீமாஸ் பேட்டரி தீர்ந்திருந்தால் கரண்ட் போய்வந்ததும் தேதி பின்னே போயிருக்கும். கையொப்பமும் சான்றிதழும் செல்லாது. தேதி சரியாக இருந்தும் பிழை வந்தால் ‘பேக்மேன்-கீ --இனிட்’, அடுத்து ‘பேக்மேன்-கீ --பாப்புலேட் எம்சிஸ்2’.

அப்டேட் ஓடி முடிந்தாலும் அங்கே நிறுத்தாதீர்கள். திடீரென்று கரண்ட் போனால் ஃபைலின் பெயர் டிஸ்க்கில் இருக்கும், உள்ளே சரக்கு இருக்காது. ‘பேக்மேன் -கியூகே’ (கியூ பெரியது) ஃபைல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். கே-யை இரண்டு தடவை போட்டால் அளவையும் ஒப்பிடும். பிழை காட்டும் பேக்கேஜ்களை மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள்.

இன்னொன்று. ‘-எஸ்ஒய்’ என்று மட்டும் கொடுத்து ஒரு பேக்கேஜைப் புதுப்பிப்பது கூடவே கூடாது. பட்டியல் புதிதாகி, நூலகங்கள் பழையதாக நின்று, ‘என்ட்ரி பாயின்ட் நாட் ஃபவுண்ட்’ என்று நிரல்கள் திறக்காமல் போகும். யு-வும் சேரட்டும். அடிப்படைப் பேக்கேஜ்கள் மாறியதும் ஜன்னலை மூடச் சொல்லும். மூடித் திறந்து, ‘நத்திங் டு டூ’ என்று வரும்வரை அதே கட்டளையைத் திரும்பக் கொடுக்கவேண்டும். யுபிஎஸ் இருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

லினக்ஸில் ஓடிய கூலிக் கணக்கு ஸ்கிரிப்ட், விண்டோஸில் ‘பேக்ஸ்லாஷ் ஆர்: கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்கிறது. எக்செல்லிலிருந்து எடுத்த எடைப் பட்டியலில் கிராம் கூட்டினால் சரியாக வருகிறது. ஆனால் கடைசிப் பத்தியில் ‘முடிந்தது’ என்றிருப்பதைத் தேடினால் ஒன்றுமே சிக்கவில்லை.
– வெள்ளிக் கொலுசுப் பட்டறைக் கணக்கர், செவ்வாய்ப்பேட்டை

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. யுனிக்ஸில் வரி முடிவுக்கு ஒரு குறி. விண்டோஸில் அதற்கு முன் ‘கேரேஜ் ரிட்டர்ன்’ என்று இன்னொன்று. அது கண்ணுக்குத் தெரியாமல் கடைசிப் பத்தியில் ஒட்டிக்கொள்கிறது. ‘முடிந்தது’ என்பதும் ‘முடிந்தது+அந்தக் குறி’யும் ஒன்றல்லவே. கிராம் பத்தி கடைசியில் இல்லாததால் அந்தக் குறி அதில் ஒட்டவில்லை, கிராம் கணக்கு தப்பித்தது.

‘கேட் -ஏ’ (ஏ பெரியது) கொடுத்து ஃபைலைப் பாருங்கள். வரிக் கடைசியில் டாலர் குறிக்கு முன் கூரைக் குறியும் பெரிய எம்மும் இருந்தால் அதுதான். ‘டாஸ்2யுனிக்ஸ்’ பேக்கேஜைப் போட்டு ஸ்கிரிப்டை ஒருமுறை மாற்றினால் தீர்ந்தது. ஆனால் எடைப் பட்டியல் எக்செல்லிலிருந்து திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் மாற்ற யாருக்கும் நினைவிருக்காது. எனவே ஸ்கிரிப்டின் முதல் வேலையாகவே டாஸ்2யுனிக்ஸை வைத்துவிடுங்கள்.

எக்செல்லில் சேமிக்கும்போது வெறும் சிஎஸ்வி வேண்டாம். ‘கொலுசு’ ஆறு கேள்விக்குறியாகிவிடும். ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ எடுங்கள். அது ஃபைலின் தலையில் ‘பாம்’ என்ற 3 பைட் குறியை வைக்கும். முதல் பத்தியின் தலைப்பு பொருந்தாமல் போவதற்கு அதுவே காரணம். டாஸ்2யுனிக்ஸ் அதையும் எடுத்துவிடும். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து நோட்பேட் யுனிக்ஸ் வரிமுடிவையும் சரியாகக் காட்டும் என்பதால் ஸ்கிரிப்டைத் திருப்பி மாற்றத் தேவையில்லை.

‘ஃபைன்ட்’ கட்டளை கொடுத்தால் ‘பாராமீட்டர் ஃபார்மேட் நாட் கரெக்ட்’ என்கிறது.
– வாசகர், ஓமலூர்

உங்களுக்குப் பதில் சொல்வது விண்டோஸின் ஃபைன்ட். சிஸ்டம்32-க்குள் அதே பெயரில் ஃபைன்டும் சார்ட்டும் இருக்கின்றன. பாத்தில் (நிரல்களைத் தேடும் ஃபோல்டர் வரிசையில்) யார் முன்னே நிற்கிறாரோ அவர்தான் ஓடுவார். ‘விச் -ஏ ஃபைன்ட்’ (இங்கே ஏ சிறியது) வரிசையைக் காட்டும். அதற்காக யுனிக்ஸ் ஃபோல்டரை விண்டோஸின் பொதுப் பாத்தில் முதலில் தள்ளாதீர்கள். பழைய பேட்ச் ஃபைல்கள் கெடும். யுனிக்ஸ் வேலையை அதற்குரிய ஜன்னலில் செய்யுங்கள்.

டபிள்யுஎஸ்எல்லில் பெரிய ஃபைல்களை அழித்தும் சி டிரைவில் இடம் திரும்பவில்லையே?
– வாசகர், சூரமங்கலம்

ஈஎக்ஸ்டி4.விஎச்டிஎக்ஸ் என்ற டிஸ்க் ஃபைல் வளரும், தானாகச் சுருங்காது. முதலில் ‘டபிள்யுஎஸ்எல் --எக்ஸ்போர்ட்’ கொடுத்து, பெயரும் டார் ஃபைலும் சொல்லி, வேறு டிரைவில் ஒரு நகல். பிறகு ‘டபிள்யுஎஸ்எல் --ஷட்டவுன்’. நிர்வாகியாக டிஸ்க்பார்ட் திறந்து, ‘செலக்ட் விடிஸ்க் ஃபைல்=’ என்பதோடு முழுப் பாதை; ‘அட்டாச் விடிஸ்க் ரீட்ஒன்லி’; ‘காம்பாக்ட் விடிஸ்க்’; ‘டிட்டாச் விடிஸ்க்’. புராஜெக்ட் ஃபைல்களை மவுன்ட்-சி (லினக்ஸுக்குள் சி டிரைவ் தெரியும் ஃபோல்டர்) வழியாக விண்டோஸ் பக்கம் வைத்து வேலை செய்தால் இடப் பிரச்சினை குறையும், ஆனால் வேகம் படுத்துவிடும்.

‘டபிள்யுசி -சி’ கட்டளை ‘சேலம்’ என்ற சொல்லுக்கு 15 என்கிறது. எழுத்து மூன்றுதானே? அகரவரிசையும் தப்பாக வருகிறது.
– தமிழாசிரியர், அஸ்தம்பட்டி

‘-சி’ பைட்டை எண்ணுகிறது; யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ‘-எம்’ கொடுத்தால் 5: ச, ஏகாரக் கொம்பு, ல, ம, புள்ளி. மூன்று வேண்டுமானால் ‘கிரெப் -ஓபி’ (பி பெரியது), ஒற்றை மேற்கோளுக்குள் பேக்ஸ்லாஷும் பெரிய எக்ஸும், அதை ‘டபிள்யுசி -எல்’லுக்குப் பைப் செய்யுங்கள். மொழி அமைப்பு யுடிஎஃப்-8 ஆக இருக்கவேண்டும்.

வரிசை தப்புவது யூனிகோட் எண் அடுக்கால். அதில் ந-வுக்கு அடுத்தே ன, ர-வுக்கு அடுத்தே ற, ல-வுக்குப் பின் ள, ழ. எனவே ‘சி’ அமைப்பில் (அந்த எண்படியே அடுக்குவது) சார்ட் செய்தால் ‘பல’வுக்கு முன் ‘பனை’யும், ‘வழி’க்கு முன் ‘வளை’யும் வந்து நிற்கும். ஒவ்வொரு வரியின் முன்னும் அதன் நகல் ஒன்றைச் சேர்த்து, ‘செட்’டின் ஒய் கட்டளையால் அந்த நகலில் மட்டும் உயிர், மெய்களை நம் நெடுங்கணக்கு முறையில் ஆங்கில எழுத்துகளாக மாற்றி, அதை வைத்து சார்ட் செய்துவிட்டு, ‘கட்’ கட்டளையால் நகலை வெட்டிவிடலாம். புள்ளிக்கு ஆச்சரியக்குறியை ஒதுக்குங்கள்; எல்லா எழுத்துக்கும் முன்னால் நிற்கும்.