மஞ்சள் ஓட்டை இல்லாத டிவியில் மைக்ரோ ஜீனியஸ்

கேள்வி: அண்ணே, நான் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன். இப்போது பட்டணத்துத் தாமானில் இருக்கிறேன். தீபாவளிக்கு அம்மா வீட்டை ஒதுக்கியபோது என் பழைய மைக்ரோ ஜீனியஸ் கேம் பெட்டியும் அண்ணனின் பிளேஸ்டேஷன் 2-ம் கிடைத்தன. என் புது டிவியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஓட்டைகளே இல்லை. இரண்டு எச்டிஎம்ஐயும் 'ஏவி' என்று போட்ட சின்ன வட்ட ஓட்டை ஒன்றும்தான். பாசார் மாலாமில் 25 வெள்ளிக்கு ஒரு கறுப்புப் பெட்டி வாங்கி மாட்டினேன், 'நோ சிக்னல்' என்கிறது. என்ன செய்வது? அம்மா வீட்டுக் குண்டு டிவியைப் பழைய பேப்பர் லோரிக்குக் கொடுத்துவிடலாமா?

பதில்: தம்பி, லோரிக்காரரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள். டிவி விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கறுப்புப் பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போல இரண்டு பெட்டிகள் விற்கிறார்கள். ஒன்று ஏவி-யை எச்டிஎம்ஐ ஆக்குவது, மற்றது எச்டிஎம்ஐ-யை ஏவி ஆக்குவது. உங்களுக்கு வேண்டியதில் மூன்று வண்ண ஓட்டைகள் இருக்கும் பக்கம் 'இன்புட்' என்றும், எச்டிஎம்ஐ பக்கம் 'அவுட்புட்' என்றும் இருக்க வேண்டும். ரோசாக், அதாவது பழுது, என்று என் கடை மேசைக்கு வந்த பெட்டிகளில் பல ரோசாக்கே இல்லை, திசை மாறி வாங்கியவை. திசை சரி என்றால் கரண்டைப் பாருங்கள். இந்தப் பெட்டிக்கு யூஎஸ்பி வழியாக 5 வோல்ட் கொடுக்க வேண்டும். பலர் அந்த ஒயரை மாட்டுவதே இல்லை.

உண்மையில் உங்களுக்கு அந்தப் பெட்டி தேவைப்படாமலே போகலாம். அந்தச் சின்ன வட்ட ஓட்டை ஹெட்போன் ஓட்டை மாதிரி 3.5 மில்லிமீட்டர் அளவு. ஒரு முனையில் நான்கு பட்டை ஊசியும் மறுமுனையில் மூன்று வண்ண ஓட்டையும் உள்ள ஒயர் டிவியோடு வந்திருக்கும். அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடுவதற்கு முன் பார்த்திருக்கலாம், சரி. தனியாக வாங்கினால் ஒரு சிக்கல்: ஊசியின் எந்தப் பட்டையில் படம், எதில் ஒலி, எதில் எர்த் என்பது ஒயருக்கு ஒயர் மாறும். படம் வராமல் ஸ்பீக்கரில் 'உர்ர்ர்' என்று சத்தம் கேட்டால், படம் ஒலியின் இடத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். கேம் பெட்டியின் மஞ்சளைச் சிவப்பிலும் அப்புறம் வெள்ளையிலும் மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள். இதனால் எதுவும் எரிந்துவிடாது. படம் வந்து வண்ணம் மட்டும் வராவிட்டால், டிவி மெனுவில் வண்ண முறையை ஆட்டோவிலிருந்து பால் என்றோ என்டிஎஸ்சி என்றோ மாற்றுங்கள்.

மைக்ரோ ஜீனியஸில் ஏரியல் ஒயர் மட்டும்தான் இருக்கிறது என்றால் கதை வேறு. மலேசியாவில் அனலாக் ஒளிபரப்பு 2019-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. உங்கள் டிவிக்குள் அனலாக் ட்யூனர் இன்னும் இருந்தால், கேம் பெட்டியை ஓடவிட்டுக்கொண்டே அனலாக் சேனல் தேடச் சொல்லுங்கள். இல்லையென்றால் வீட்டில் பழைய வீடியோ டெக் இருக்கிறதா என்று பாருங்கள். ஏரியல் ஒயரை டெக்கில் செருகி, டெக்கின் ஏவி ஓட்டையிலிருந்து டிவிக்குக் கொண்டுபோகலாம். டேப் ஓடாத டெக்கும் பெரும்பாலும் இதற்கு உதவும்.

படம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து நீங்கள் கேட்கப்போவது, ஏன் இவ்வளவு கலங்கலாக இருக்கிறது, ஏன் பொத்தானை அமுக்கிய பிறகு கொஞ்சம் கழித்துக் குதிக்கிறான் என்பதுதான். தோட்டத்துப் பிள்ளைக்கு இதை விளக்குவது சுலபம். ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதில் இன்று ஒரு பாதி, நாளை மறு பாதி என்று முறை வைப்பார்கள் அல்லவா? பழைய டிவி ஒளிபரப்பும் அப்படித்தான். 480 வரிகளில் முதல் சுற்றில் ஒற்றை நிரைகளும் அடுத்த சுற்றில் இரட்டை நிரைகளும் வரும். மைக்ரோ ஜீனியஸ் போன்ற கேம் பெட்டியோ அந்த முறையைப் பின்பற்றுவதில்லை. தினமும் அதே 240 நிரைகளைத்தான் வெட்டும், வினாடிக்கு 60 தடவை. (நம் ஊர் பால் முறையில் வரிகள் 576, 288, தடவை 50. இது மரத்துப் பால் இல்லை.) குண்டு டிவிக்கு இதில் குழப்பமே கிடையாது, வருவதை வந்தபடி வரைந்துவிடும்.

தட்டை டிவிதான் ஏமாறுகிறது. இரண்டு சுற்றும் வெவ்வேறு நிரைகள் என்று நினைத்து, ஒரு சுற்றைப் பிடித்து வைத்து அடுத்ததோடு பின்னப் பார்க்கிறது. கலங்கல் அங்கே தொடங்குகிறது. அடிபட்டவன் மின்னி மின்னித் தெரியும் இடத்தைக் கவனியுங்கள். கேம் ஒரு சுற்றில் அவனை வரைந்து அடுத்த சுற்றில் விட்டுவிடும். டிவி இரண்டையும் பின்னுவதால் அவன் சீப்புப் பல் போல வரிவரியாகத் தெரிவான், அல்லது மொத்தமாகக் காணாமல் போவான். பிடித்து வைக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறக்குறைய 17 மில்லி வினாடி தாமதம். இதன் மேல் படத்தை அழகாக்கும் வேலைகளும் சேர்ந்தால், விரலுக்கே தெரியும் அளவுக்கு இழுக்கும்.

அதனால் செலவில்லாத வைத்தியத்தை முதலில் செய்யுங்கள். கேம் மோடைப் போடுங்கள். படத்தை மென்மையாக்கும், அசைவைச் சீராக்கும் வேலைகளை எல்லாம் அணையுங்கள். திரை அளவை 4:3-க்கு மாற்றுங்கள். 16:9-இல் இழுத்தால் எல்லாருக்கும் தொப்பை போடும். 25 வெள்ளிப் பெட்டிகள் பெரும்பாலும் தாங்களே இழுத்து அனுப்பிவிடும், டிவியில் 4:3 என்று கட்டாயப்படுத்த வேண்டியிருக்கும்.

பிளேஸ்டேஷன் 2-க்கு அந்தக் கறுப்புப் பெட்டியை மாட்டாதீர்கள். மஞ்சள் ஒயர் ஒன்றிலேயே வெளிச்சமும் வண்ணமும் கலந்து வருவதுதான் அங்கே குறை. பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்றாகப் பிரிந்து வரும் கம்போனென்ட் கேபிள் போட்டால் அதே படம் கண்ணாடி துடைத்த மாதிரி வரும். உங்கள் டிவியில் அந்த ஓட்டைகள் இல்லாததால், பிளேஸ்டேஷனின் பின்னால் நேராகச் செருகும் சின்ன எச்டிஎம்ஐ அடாப்டர் வாங்குங்கள். அதுவும் உள்ளே கம்போனென்ட் சிக்னலைத்தான் எடுக்கிறது. ஒரு எச்சரிக்கை. முதலில் மஞ்சள் ஒயரிலேயே போட்டு, டிஸ்க் இல்லாமல் ஆன் செய்து, 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' பக்கத்தில் 'கம்போனென்ட் வீடியோ அவுட்' என்பதை ஆர்ஜிபி-யிலிருந்து 'ஒய் சிபி/பிபி சிஆர்/பிஆர்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றாமல் அடாப்டரைச் செருகினால் வண்ணம் கோணல்மாணலாக வரும். இன்னொன்று, பிளேஸ்டேஷன் 1 டிஸ்க்கைப் போட்டால் அது 240 வரியில் ஓடும். அதை ஏற்காமல் திரை கறுத்துவிடும் டிவிகள் இருக்கின்றன. அந்த டிஸ்க்குகளுக்கு மஞ்சள் ஒயருக்கே திரும்பிவிடுங்கள்.

பணம் செலவழிக்கத் தயார் என்றால், இந்த 240 வரியைச் சரியாகப் புரிந்துகொள்ளும் பெட்டிகள் உண்டு. ரெட்ரோடிங்க் வகைகளில் பல மஞ்சள் ஒயரையும் ஏற்கும். ஓஎஸ்எஸ்சி என்ற பெட்டி ஏற்காது, ஆர்ஜிபி அல்லது கம்போனென்ட் கொடுத்தால்தான் வேலை செய்யும். ஆகவே மைக்ரோ ஜீனியஸுக்காக ஓஎஸ்எஸ்சி வாங்கிவிடாதீர்கள். என்னைக் கேட்டால், வருடத்தில் நாலு நாள் விளையாட இவ்வளவு காசு வேண்டாம்.

கரண்டைப் பற்றி ஒரு வார்த்தை. பிளேஸ்டேஷனின் பின்புற ஸ்டிக்கரில் 100 வோல்ட் என்று மட்டும் இருந்தால் அது ஜப்பானிலிருந்து வந்தது. நம் சுவரில் நேராகச் செருகினால் முடிந்தது. என் சொந்தப் பெட்டி ஒன்றை அப்படித்தான் கொன்றேன், வாசனை இன்னும் ஞாபகம் இருக்கிறது. மைக்ரோ ஜீனியஸுக்குப் புது அடாப்டர் வாங்கினால் வோல்ட் மட்டும் பார்த்தால் போதாது, நடு ஊசி பிளஸா மைனஸா என்று பெட்டியில் வரைந்திருக்கும் குறியோடு ஒத்துப் பாருங்கள். அந்தக் காலத்துப் பெட்டிகளில் நடுவே மைனஸ் வைத்தவை நிறைய. இப்போதைய அடாப்டர்களில் பெரும்பாலும் நடுவே பிளஸ்தான். சாயங்காலம் இடி தொடங்கினால் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

இப்போது அம்மா வீட்டு டிவி. கேசட்டுகளோடு துப்பாக்கியும் கிடைத்ததா? வாத்து சுடும் அந்தத் துப்பாக்கி தட்டை டிவியில் வேலை செய்யாது, எந்தப் பெட்டி வாங்கினாலும் சரி. குண்டு டிவியில் படம் வரையப்படும் நேரத்தை நம்பித்தான் அது ஓடுகிறது. துப்பாக்கி இருந்தால் டிவியைக் கொடுக்காதீர்கள். இல்லாவிட்டாலும், மைக்ரோ ஜீனியஸுக்கு அதைவிடப் பொருத்தமான டிவி இனி கடையில் கிடைக்காது. பின் மூடியை மட்டும் நீங்களாகத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயர் அழுத்தக் கரண்ட் தங்கியிருக்கும். படம் சரியில்லை என்றால் காரில் ஏற்றிக் கடைக்குக் கொண்டு வாருங்கள். கண்ணாடிப் பக்கம் கனம் அதிகம், அதனால் திரை உங்கள் நெஞ்சைப் பார்த்தபடி தூக்குங்கள்.