பிரித்துப் போட்ட பழைய கார்: என்ன மாடல், எந்த வருடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பாடி ஒரு பக்கம், எஞ்சின் ஒரு பக்கம், மிச்சமெல்லாம் சாக்கு மூட்டையில். ஆர்.சி. இல்லை, நம்பர் பிளேட் இல்லை. விற்றவருக்கு "ஏதோ அறுபதுகள்ல வந்த வண்டி" என்பதற்கு மேல் தெரியாது. இதை வைத்து மாடலையும் வருடத்தையும் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். பொள்ளாச்சிப் பக்கம் என் தாய்மாமாவின் தோட்டத்துச் சாளையில் ஒன்பது மூட்டையாகக் கிடந்த ஒரு வண்டியை நானும் இப்படித்தான் எடுத்து வந்தேன். "ஃபியட்டு மாப்ளே, எடுத்துட்டுப் போ" என்று சொல்லித்தான் கொடுத்தார். அது ஃபியட் இல்லை.

அறுபதுகளில் இந்தியாவில் செய்த கார் என்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான். உத்தரபாராவில் செய்த அம்பாசடர், பம்பாய் குர்லாவில் செய்த ஃபியட் 1100, நம் சென்னை பெருங்களத்தூரில் செய்த ஸ்டாண்டர்டு. உங்களுடையது வெளிநாட்டிலிருந்து இறக்கிய வண்டி என்றால் இந்தப் பதில் பாதிதான் உதவும்.

நான் கூட்டிப் போன வயதான மெக்கானிக் மூட்டையைப் பிரிக்கவே இல்லை. "மொதல்ல ஒரு பதினாலு ஸ்பானர எடு தம்பி" என்றார். ஃபியட் இத்தாலிய வண்டி, எல்லாம் மில்லிமீட்டர் போல்ட். மற்ற இரண்டும் பிரிட்டிஷ் வம்சம், அங்குலக் கணக்கு. ஆனால் முக்கால் அங்குல நட்டுக்கு 19 ஸ்பானர் அழகாக உட்கார்ந்துவிடும், அதை வைத்து ஏமாந்துவிடாதீர்கள். 9/16 நட்டில் பாருங்கள்: 14 நுழையாது, 15 வழுக்கும். என் குவியலில் ஐந்தாறு போல்ட்டில் போட்டுப் பார்த்தோம், எல்லாவற்றிலும் 14 நுழையவில்லை, 15 வழுக்கியது. மாமாவின் ஃபியட் கதை அங்கேயே முடிந்தது.

அடுத்தது எஞ்சின். ஹெட் கழற்றியிருந்தால் நல்லதாகப் போயிற்று, ஒரு வெர்னியர் காலிப்பர் போதும். சிலிண்டரின் உள்விட்டத்தை அளந்து பாருங்கள். ஸ்டாண்டர்டு ஹெரால்டின் 948 சி.சி. எஞ்சினுக்கு 63 மி.மீ., ஃபியட்டின் 1089 சி.சி.க்கு 68, அம்பாசடரின் 1489 சி.சி.க்கு 73. ஒன்றோடு ஒன்று குழம்பவே வழியில்லை. எனக்கு 63.5 வந்தது. அந்த அரை மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். பிஸ்டன் தலையில் இருந்த கரியை டீசல் துணியால் துடைத்தபோது '+20' என்று ஒரு முத்திரை தெரிந்தது. எப்போதோ ரீபோர் செய்து, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, இருபது தௌ ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டிருக்கிறார்கள். ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு என்றால் 0.508 மி.மீ., கணக்கு நேராகிவிட்டது: ஹெரால்டு எஞ்சின்.

ஆனால் எஞ்சினை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள். பழைய வண்டியில் எஞ்சின் மாறியிருக்கலாம். என் மூட்டைகளில் ஒரு அம்பாசடர் ஸ்டீயரிங்கும் கிடந்தது! உடம்புதான் சாட்சி. அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் தனி சேசிஸ் கிடையாது, பாடியே சேசிஸ். ஹெரால்டுக்கு முழுசாகத் தனி சேசிஸ் உண்டு. அதன்மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். அதனால்தான் ஹெரால்டைப் பிரித்தால் இவ்வளவு துண்டாக வருகிறது. பின்பக்கம் டிஃபரன்ஷியலுக்கு மேலே பட்டை ஸ்பிரிங் குறுக்காகக் கிடந்தால் சந்தேகமே வேண்டாம், ஹெரால்டுதான். அதே 948 எஞ்சின் இருந்து, பின்னால் ஒரே கட்டையான ஆக்ஸில் இருந்தால் அது 1972-லிருந்து வந்த, அதே ஸ்டாண்டர்டு கம்பெனியின் கெஸல். உங்களிடம் இருப்பது கெஸல் என்றால் அதிர்ஷ்டசாலி, குறைவாகத்தான் செய்தார்கள்.

இனி வருடம். இதை ஒரே அடியில் பிடிக்க முடியாது, இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டே வர வேண்டும். இங்கே ஹெரால்டு 1961-ல் வந்தது. நான்கு கதவு மார்க் 3 வந்தது 1968-ல். கதவுகள் தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, நடுத்தூணில் பின்கதவுக்கான கீல் ஓட்டை இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். என் வண்டியில் இல்லை. ஃபியட் என்றால் இதே நடுத்தூணைப் பாருங்கள். முன்கதவின் கீல் அங்கே இருந்தால், அதாவது கதவு பின்பக்கமாகத் திறந்தால், அது 1964-ல் வந்த 'டிலைட்' மாடலுக்கு முந்தையது. அம்பாசடரில் சைடு வால்வு எஞ்சின் (வால்வுகள் ஹெட்டில் இல்லாமல் சிலிண்டருக்குப் பக்கத்தில் பிளாக்கிலேயே இருப்பது) இருந்தால் 1959-ஐ ஒட்டியோ அதற்கு முன்போ.

அப்புறம் மின்சாரச் சாமான்கள். லூகாஸ் கம்பெனி செய்த மின்பாகங்களின் உடம்பில் மாதமும் வருடமும் குத்தியிருப்பார்கள். டைனமோவில் 'லூகாஸ் டி.வி.எஸ்.' என்று இருந்தால் அது 1961-க்கு முன் செய்ததாக இருக்கவே முடியாது, அந்தக் கம்பெனி தொடங்கியதே அந்த வருடம்தான். டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் மாற்றுகிற சாமான், அவை தங்கள் வயதைத்தான் சொல்லும், வண்டியின் வயதை அல்ல. என் டிஸ்ட்ரிபியூட்டர் 1971 என்றது. வைப்பர் மோட்டாரை யாரும் மாற்ற மாட்டார்கள். அதில் '9 63'. ஆக, வண்டி 1963 செப்டம்பருக்குப் பிறகு, 1968-க்கு முன்பு.

அதற்கு மேல் நகர்த்தியது டிக்கி மூடிதான். அந்தக் காலத்தில் நம்பரைத் தகட்டிலேயே பெயின்டில் எழுதிவிடுவார்கள். 400 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து மெதுவாகத் தேய்த்தேன். வெள்ளை போனது, மெரூன் வந்தது, அதன்கீழ் ஒரு நீலம். நீலத்தில் விரலை ஓட்டினால் எழுத்தின் விளிம்பு தட்டுப்பட்டது. சாய்வாக டார்ச் அடித்ததும் எம்மில் தொடங்கும் பழைய மெட்ராஸ் நம்பர் முழுசாகத் தெரிந்தது. அதை வைத்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவேட்டுப் பிரதி கேட்டேன். பல நாள் அலைச்சலுக்குப் பின் கிடைத்தது: முதல் பதிவு 1964 பிப்ரவரி. வைப்பர் மோட்டார் பொய் சொல்லவில்லை.

இந்த முதல் பதிவுத் தேதி சும்மா பெருமைக்கு மட்டும் இல்லை. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாத வண்டியைத்தான் விண்டேஜ் என்று 'வி.ஏ.' எழுத்துள்ள நம்பரில் பதிவு செய்ய முடியும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம்.

ஒரு எச்சரிக்கை. சேசிஸ் நம்பர் எங்காவது குத்தியிருப்பது தெரிந்தால் தயவுசெய்து கிரைண்டரையோ வயர் பிரஷ்ஷையோ வைக்காதீர்கள். எண் கொஞ்சம் தேய்ந்தாலும் திருத்தியதாகச் சந்தேகம் வரும். பெயின்ட் ரிமூவர் தடவி, துணியால் ஒற்றி எடுத்து, காகிதம் வைத்து பென்சில் பிரிண்ட் எடுங்கள். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், இன்ஷூரன்ஸுக்கும் கேட்பார்கள்.

சரி, இன்றைக்கே செய்ய வேண்டியது: உங்கள் குவியலில் டிக்கி மூடி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் விற்றவரிடம் உடனே கேளுங்கள், காயலான் கடைக்குப் போயிருந்தால் எடைக்கு எடை காசு கொடுத்தாவது திரும்ப வாங்கிவிடுங்கள்.