லீவு விட்டாச்சு, பிள்ளையை முகாமுக்கு அனுப்பலாமா?

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஏறக்குறைய இருபது கோடைகளில் பிள்ளைகளுக்கு முகாம் நடத்தியிருக்கிறேன். அதில் பாதி, இரவில் தங்கும் முகாம். ஏப்ரல் பிறந்தால் போதும், சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருக்கும்போதும் "சார், எந்த கேம்ப்புக்கு விடலாம்?" என்று யாராவது கேட்பார்கள். இந்த வருஷம் கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன். வந்ததில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி (குலசேகரம், ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி): சார், எங்க காலத்துல லீவுன்னா குளத்துல குளியல், அயினிச்சக்கை பொறுக்குறது, பாட்டி வீடு. அவ்வளவுதான். நாங்க வளரலையா? இதுக்கு எதுக்குத் துட்டு?

பதில்: நீங்கள் போனதும் முகாம்தான் அண்ணாச்சி, பேர் வைக்கவில்லை, அவ்வளவே. பாட்டி வீட்டில் பத்துப் பிள்ளைகள் கூடுவீர்கள். பெரியவன் சின்னவனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பான். சண்டை வரும், சாயங்காலத்துக்குள் நீங்களே தீர்த்துக்கொள்வீர்கள். பெரியவர்கள் சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் கண்ணில் படுவார்கள். இன்றைக்கு உங்கள் பேரனுக்கு ஒரு மச்சான் துபாயில், இன்னொருவன் திருவனந்தபுரத்தில். குளத்தில் ஆகாயத்தாமரை. அந்தப் பழைய லீவை ஐந்து நாளில் சுருக்கிக் கொடுக்கும் முயற்சிதான் முகாம். உங்கள் வீட்டில் இன்னும் பிள்ளைகள் கூடுகிறார்கள், தெருவில் விளையாட ஆள் இருக்கிறது என்றால் துட்டை மிச்சம் பிடியுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கேள்வி (நாகர்கோவில், ஒரு அம்மா): ஏழாம் வகுப்புப் பையன். கையில் எப்போதும் போன். முகாமுக்குப் போனால் இந்தப் பழக்கம் போகுமா?

பதில்: போகாதும்மா. திரும்பி வந்ததும் முதலில் சார்ஜரைத்தான் தேடுவான். ஆனால் வேறொன்று நடக்கும். கலிபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்வு 2014-ல் வெளியானது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 51 பேர் போன், டிவி எதுவும் இல்லாமல் ஐந்து நாள் இயற்கை முகாமில் இருந்தார்கள். போவதற்கு முன்னும் பின்னும், எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்து அவர் மனநிலையைச் சொல்லும் சோதனை வைத்தார்கள். வழக்கம்போலப் பள்ளியில் இருந்த பிள்ளைகளைவிட முகாமுக்குப் போனவர்கள் அதில் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். சின்ன ஆய்வுதான், ஆகா ஓகோ என்று தூக்கிவைக்க வேண்டாம். ஆனாலும் நான் வருஷா வருஷம் கண்ணால் பார்த்தது இதுவே. முதல் நாள் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் பையன், மூன்றாம் நாள் பக்கத்தில் இருப்பவனிடம் "ஏம்ல, வயிறு வலிக்கா?" என்று கேட்பான்.

கேள்வி (கருங்கல், ஆசிரியை): எங்கள் சபையில் மே மாதம் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) பத்து நாள் நடக்கிறது. பாட்டு, ஆக்‌ஷன், கதை, கைவேலை எல்லாம் உண்டு. அது போதாதா சார்?

பதில்: நல்ல காரியம் டீச்சர். நம் மாவட்டத்தில் மேடை பயம் போனவர்களில் பாதிப்பேருக்கு அது போனது வி.பி.எஸ். மேடையில்தான். கோயில்களில் நடக்கும் சமய வகுப்பும் அப்படித்தான், கதையும் பாட்டும் போட்டியுமாகப் பிள்ளைகளை வளர்க்கிறது. ஆனால் இரண்டிலும் பிள்ளை பார்ப்பது தனக்கு ஏற்கெனவே தெரிந்த முகங்களை. அதே தெரு, அதே சபை, அதே கோயில்.

முகாமின் பெரிய பலன் எது என்று கேட்டால், தெரியாத பிள்ளையோடு ஒரே பாயில் படுப்பது என்பேன். நம் மாவட்டத்தில் கடலும் மலையும் இரண்டு பஸ் மாறும் தூரம்தான். ஆனால் ஒரு முகாமில் பேச்சிப்பாறைப் பையன், "வள்ளத்துக்கு பிரேக் எங்க இருக்கும்?" என்று கேட்டான். குளச்சல் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். மறுநாள் அவனே ரப்பர் மரத்தின் சிரட்டையைப் பார்த்துவிட்டு, "இந்தப் பாலைக் காய்ச்சிக் குடிப்பீங்களா?" என்றான். கணக்கு சரியாகிவிட்டது. 1982-ல் மண்டைக்காட்டுக் கலவரத்தைப் பார்த்த தலைமுறை நான். கடற்கரைக்காரனும் உள்நாட்டுக்காரனும் சின்ன வயசிலேயே ஒன்றாகச் சாப்பிட்டுப் பழக வேண்டும் என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

சேர்த்து வைத்தால் மட்டும் சிநேகம் வந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 1954-ல் முசாபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் பதினொரு வயதையொட்டிய 22 பையன்களை வைத்து ஒரு கோடை முகாம் நடத்தினார். இரண்டு அணியாகப் பிரித்துப் போட்டியும் பரிசும் வைத்ததும், ஒருவர் கொடியை மற்றவர் எரித்தார்கள், தங்குமிடத்தில் புகுந்து சூறையாடினார்கள். பிறகு அவர்களை ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பாடு போட்டுப் பார்த்தார், சாப்பாட்டை ஒருவர்மேல் ஒருவர் எறிந்து சண்டை போட்டார்கள். குடிதண்ணீர் நின்றுபோனபோதும், லாரி நகராமல் நின்றபோதும், இரண்டு அணியும் சேர்ந்தால்தான் முடியும் என்ற நிலை வந்தது. அப்போதுதான் பகை மெல்ல இறங்கியது. பிள்ளைகளுக்குத் தெரியாமல் அவர்களை வைத்துச் சோதனை செய்ததை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் விஷயம் உண்மை.

இதைப் படிப்பதற்கு முன்பே நான் அதே தப்பைச் செய்தேன். என் மூன்றாவது முகாமில் அணி பிரித்து, கரும்பலகையில் மார்க் எழுதினேன். நாலாம் நாள் காலையில் ஓர் அணியின் செருப்பு மொத்தமும் கிணற்றில் மிதந்தது. மார்க்கை அழித்தேன். மரச்சீனி தோலுரிக்க இந்த அணியில் பாதி, அந்த அணியில் பாதி என்று அடுக்களையில் கலந்து உட்காரவைத்தேன். அதிலிருந்து இன்றுவரை என் முகாமில் விளையாட்டுக்கு அணி தினமும் மாறும். கப்பும் கிடையாது, மெடலும் கிடையாது.

கேள்வி (மார்த்தாண்டம், ஒரு அப்பா): மகளுக்கு ஒன்பது வயசு. ராத்திரி அழுதால் என்ன செய்வது?

பதில்: அழுவாள். கிறிஸ்டோபர் தர்பர் என்ற அமெரிக்க உளவியலாளர் பிள்ளைகளின் இந்த வீட்டு ஏக்கத்தையே பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவர் சொல்வதில் இரண்டு விஷயம் நம் ஊருக்கும் அப்படியே பொருந்தும். ஒன்று, முகாமுக்கு முன்னால் சித்தி வீட்டிலோ தோழி வீட்டிலோ இரண்டு ராத்திரி தங்கவிட்டுப் பழக்குங்கள். இரண்டு, "பிடிக்கலைன்னா போன் பண்ணு, அப்பா உடனே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அப்படிச் சொன்னால், உன்னால் இது முடியாது என்று நீங்களே முன்கூட்டிச் சொல்வதாக ஆகிவிடும். என் அனுபவத்தில் இரண்டாம் ராத்திரிதான் கஷ்டம். அதைத் தாண்டிவிட்டால் கடைசி நாள் பஸ் ஏறும்போது வேறு காரணத்துக்காக அழுவாள்.

கேள்வி (இரணியல்): பெரிய மனுஷி ஆன பெண்ணை அனுப்பலாமா? வீட்டில் மாமியார் சம்மதிக்கவில்லை.

பதில்: தாராளமாக அனுப்பலாம். ஆனால் நடத்துகிறவர்களிடம் மூன்றைக் கேளுங்கள். ராத்திரி பெண் பிள்ளைகளோடு தங்குவது எந்த டீச்சர்? கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா? நாப்கின் போட மூடியுள்ள வாளி வைத்திருக்கிறார்களா? மூன்றாவது கேள்விக்கு முழிக்கிறவர்களிடம் விட வேண்டாம். மாமியாரையும் அந்த இடத்தைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போங்கள், பாதி எதிர்ப்பு அங்கேயே கரைந்துவிடும்.

கேள்வி (திங்கள்நகர்): கடற்கரை முகாம் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானது. நம் கடலில் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. ரொம்பத் தொலைவில், தெற்கு இந்தியப் பெருங்கடலில் அடிக்கும் புயல்காற்றில் எழும் அலை, சில நாள் கழித்து இங்கே வந்து சேரும். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, கடல் மட்டும் திடீரென்று ஏறும். 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் போனது உங்களுக்கு நினைவிருக்கும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் இதற்கு எச்சரிக்கை விடுகிறது. அன்றன்று காலையில் அதைப் பார்க்காத முகாம் கடற்கரைப் பக்கமே போகக் கூடாது. கரையில் நின்று வலை இழுப்பதைப் பார்க்கட்டும், கடல்மண்ணில் கபடி விளையாடட்டும். தண்ணீரில் இறக்க வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

மலைப்பக்கம் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் போக வனத்துறையிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மே மாதத்தில் மத்தியானத்துக்கு மேல் இடிமழை வரும். மழைக்குப் பின் அட்டை ஏறும். வெளிவேலை எல்லாம் பத்து மணிக்குள் முடிய வேண்டும். சிதறால் மலையில் 9ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்களைக் காட்டப் போகிறவர்களும் ஆறரைக்கே ஏறிவிடுங்கள், வெயில் ஏறினால் பாறை சுடும். எல்லாவற்றையும் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்குவதற்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஆரல்வாய்மொழி): பத்தாம் வகுப்புப் போகிற பையனுக்கு முப்பது நாள் "நீட் சம்மர் கேம்ப்" போடலாமா?

பதில்: அது டியூஷன். பேரில் மட்டும் கேம்ப்.

கேள்வி (கொல்லங்கோடு): நல்ல முகாம் எது, மோசமான முகாம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காசு குறைவாக எங்கே கிடைக்கும்?

பதில்: நோட்டீசில் ரோபோட்டிக்ஸ், அபாகஸ், குதிரையேற்றம் என்று இருபது ஐட்டம் போட்டிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். ஐந்து நாளில் இருபதும் முடியாது. பிள்ளைகள் சும்மா இருக்கும் நேரம் எவ்வளவு என்று கேளுங்கள். ஒன்றுமே திட்டமிடாத அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவர்களே விளையாட்டைக் கண்டுபிடிக்கிறார்கள். பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்பது என் கணக்கு. எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் பூட்டிய அறையில் தனியாக இருக்கக் கூடாது என்ற விதி அங்கே இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012-லிருந்து இருக்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைக்கு மனப்பாடம் செய்துவையுங்கள்.

செலவு குறைவாக வேண்டுமென்றால், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஏப்ரல், மே வாக்கில் நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் நடத்தும் பயிற்சி முகாமை விசாரியுங்கள். உங்கள் ஊரிலேயே சிலம்பமோ அடிமுறையோ சொல்லிக்கொடுக்கும் ஆசான் இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி (பூதப்பாண்டி, பதினொன்றாம் வகுப்பு மாணவன்): சார், எனக்கு முகாமுக்குப் போகிற வயசு தாண்டிருச்சு. உதவிக்கு வரலாமா? நான் என்ன செய்யணும்?

பதில்: வா மக்களே. உன் வயசு ஆட்கள்தான் எனக்கு வேண்டும். சின்னப் பிள்ளைகள் என் பேச்சைவிட உன் பேச்சைத்தான் கேட்பார்கள். காலையில் அவர்களுக்கு முன்னால் எழும்ப வேண்டும். சாப்பிடும்போது கடைசியாகச் சாப்பிடுகிற பிள்ளையின் பக்கத்தில் உட்கார வேண்டும். அது வேண்டாவெறுப்பாகச் சாப்பிடுகிறதா, பேச ஆளில்லாமல் இருக்கிறதா என்று எனக்குச் சொல்ல வேண்டும். ராத்திரி விளக்கணைப்பதற்கு முன் தலை எண்ணிவிடு, இரண்டு தரம். அப்புறம், பழைய ரப்பர் செருப்பு ஒரு ஜோடி கூடுதலாக எடுத்துக்கொண்டு வா. யாருக்காவது காணாமல் போகும்.