இரவு 2 மணிக்கு யாருடைய முறை?

கேள்வி: எனக்கு வயது 56. ஓய்வு பெற்றுவிட்டேன். நண்பர்கள் இருவரோடு 36 அடி பாய்மரப் படகில், ஜனவரியில் லங்காவியிலிருந்து இலங்கையின் காலி துறைமுகத்துக்குப் போகத் திட்டம். மனைவி சம்மதிக்கவில்லை, கடல் என்றாலே பயம். இரவுக் காவலுக்குப் பழக, ஒரு மாதமாக 2 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து 5 மணி வரை வாசலில் உட்காருகிறேன். படுக்கையில் இருக்கும் என் அம்மாவைத் திருப்பிப் போட அவளும் அந்நேரம் விழித்துத்தான் இருப்பாள் என்பதால் தொந்தரவில்லை. அவள் பயத்தை எப்படிப் போக்குவது?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, கடலுக்கு நாள் சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். ஜனவரியில் வடகிழக்குப் பருவக்காற்று இருக்கும், மேற்கே போகும் பாய்மரத்துக்கு அது சாதகம். ஏறக்குறைய 1,200 கடல் மைல். மணிக்கு 5 மைல் ஓடினால் 10 நாள். அது போகட்டும். "அவளும் விழித்துத்தான் இருப்பாள்" என்று போகிற போக்கில் எழுதினீர்களே, அதற்கு வருகிறேன்.

பெற்ற தாய் உள்ளே கிடக்கிறார். படுக்கைப் புண் வராமலிருக்க 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டிய உடம்பு. பேம்பர்ஸ் மாற்றி, முதுகைத் துடைத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை சொருக உங்கள் மனைவி ஒண்டியாக மல்லுக்கட்டுகிறார். நீங்களோ வாசலில், தூக்கமும் இல்லாமல் வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள். எழுந்து உள்ளே போக ஒரு நாள்கூடவா தோன்றவில்லை?

படகில் 3 பேர் என்றால் 3 மணி நேரம் காவல், 6 மணி நேரம் ஓய்வு. நிக்கோபாருக்கும் சுமத்ராவுக்கும் இடையே, மலாக்கா நீரிணைக்கு வந்து போகும் சரக்குக் கப்பல்கள் ஓயாது. அடிவானத்தில் பொட்டாகத் தெரிந்த விளக்கு 20 நிமிடத்தில் படகை நெருங்கிவிடும். அதனால்தான் முறை முடிந்தவர் பேசாமல் போய்ப் படுத்துவிட முடியாது. திசை என்ன, காற்று எப்படி, எந்தப் பக்கம் என்ன விளக்கு என்று அடுத்தவரிடம் சொல்லி, குறிப்பேட்டில் எழுதிவிட்டுத்தான் படுக்கலாம். நண்பர்களுக்காக இத்தனைக்கும் தயாராகிவிட்டீர்கள். உங்கள் மனைவி யாரிடம் முறையை ஒப்படைத்துவிட்டுப் படுப்பார்?

அம்மா கடைசியாக எந்தப் பக்கம் சாய்ந்து படுத்தார், இரவு மருந்து எத்தனை மணிக்கு என்று உங்களுக்குத் தெரியுமா? கடிதத்தில் படகின் நீளம் இருக்கிறது. அம்மாவுக்கு என்ன நோய் என்று ஒரு வார்த்தை இல்லை.

கடல் பயம் என்று நீங்களாக முடிவு கட்டிவிட்டீர்கள். நடுக்கடலில் இருக்கும்போது அம்மாவுக்கு ஒன்று ஆகிவிட்டால்? சாட்டிலைட் போனில் செய்தி வரும். நீங்கள் வர முடியாது. கொள்ளி வைக்க வேண்டிய மகன் நீங்கள். அந்த நினைப்பையும் சேர்த்துச் சுமப்பவருக்குப் பயமில்லாமல் என்ன செய்யும்?

இன்று இரவு அலாரம் அடித்ததும் அம்மா அறைக்குப் போங்கள். முதல் வாரம் மனைவியிடம் வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு அவரை எழுப்பாதீர்கள். மருந்து, நேரம், எந்தப் பக்கம் திருப்பினீர்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நீங்கள் இல்லாத நாட்களுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாராவது வந்து தங்குவார்களா என்று நீங்களே கேளுங்கள், அந்தப் பொறுப்பையும் அவர் தலையில் கட்டாதீர்கள். இல்லையென்றால் சம்பளம் கொடுத்து ஒரு தாதியை ஏற்பாடு செய்யுங்கள்.

டிசம்பர் தொடக்கத்தில் மனைவியிடம் மறுபடி கேளுங்கள். அப்போதும் வேண்டாம் என்றால் நண்பர்களுக்கு அன்றே சொல்லிவிடுங்கள். மூன்றாவது ஆளைத் தேட அவர்களுக்கு நாள் வேண்டும்.