வெறும் விளம்பரம் பிடிக்கிற வேலையா?

கேள்வி: ஊடக நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. 'வெறும் விளம்பரம் பிடிக்கிற வேலைதானே' என்று வீட்டில் தயங்குகிறார்கள். பிற்காலத்தில் சொந்தத் தொழில் தொடங்க இது உதவுமா?

பதில்: உதவும், சேருங்கள். ஆனால் அந்த 'வெறும்' எனக்கு ஆகாது. ஆசிரியர் குழுவில் இருப்பவர்களும் விளம்பரப் பிரிவைப் பற்றி இப்படித்தான் பேசுவார்கள். அவர்களோடு இதற்காகப் பல காலமாகச் சண்டை போட்டுவருகிறேன். 1833இல் நியூயார்க்கில் பெஞ்சமின் டே தன் 'சன்' நாளிதழை ஒரு சென்ட்டுக்கு விற்றார். மற்றவை ஆறு சென்ட். அந்த விலைக்குக் கட்டுப்படியானது விளம்பரப் பணத்தால்தான். கூலித் தொழிலாளி கையில் நாளிதழ் சேர்ந்ததில் விளம்பரத்துக்கும் பங்கு உண்டு.

இந்த வேலையில் நீங்கள் விற்பது நாளைக்கு வைத்திருக்க முடியாத சரக்கு. வானொலியில் விற்காமல் போன பத்து விநாடி, போனதுதான். விலையில் எப்போது இறங்கலாம், எப்போது இறங்கவே கூடாது என்பது அதில் பழகிவிடும். அதைவிடப் பெரிய லாபம், முதலாளிகளோடு நேரில் உட்கார்ந்து பேசக் கிடைப்பது. எந்த மாதம் வியாபாரம் மந்தம், எந்தச் சரக்கில் லாபம், எந்தப் போட்டியாளரை நினைத்தால் தூக்கம் வரவில்லை என்பதையெல்லாம், விளம்பரம் கேட்டுப் போனவரிடம் மனம்விட்டுச் சொல்வார்கள். பல தொழில்களின் உள்விவகாரம் சம்பளத்தோடு கிடைக்கிறது. அப்புறம் பாக்கி வசூல். அதைப் பழகாமல் சொந்தத் தொழிலில் இறங்காதீர்கள்.

அமெரிக்காவில் ஜே. வால்டர் தாம்சன் 1868இல் ஒரு சின்ன விளம்பர நிறுவனத்தில் கணக்கெழுதச் சேர்ந்து, விளம்பரம் திரட்டப் போனார். 1878இல் அந்த நிறுவனத்தையே 500 டாலருக்கு வாங்கினார். மேசை நாற்காலிகளுக்குத் தனியாக 800 டாலர்! சிஎன்என் செய்தித் தொலைக்காட்சியைத் தொடங்கிய டெட் டர்னரும் அப்பாவின் விளம்பரப் பலகை நிறுவனத்தில்தான் தொழில் பழகினார்.

எனக்குப் பிடித்தவர் ஜார்ஜ் ரோவல். பத்திரிகைகளில் விளம்பர இடத்தை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்ற அமெரிக்க முகவர். 1869இல் அமெரிக்கப் பத்திரிகைகளின் பட்டியலை வெளியிட்டு, ஒவ்வொன்றும் எத்தனை பிரதி விற்கிறது என்ற மதிப்பீட்டையும் அச்சிட்டார். எண்ணிக்கையை ஊதிப் பெருக்கிவந்த பதிப்பாளர்கள் கொதித்தார்கள். பிரதி எண்ணிக்கையைச் சரிபார்த்துத் தணிக்கை செய்யும் அமைப்பு அங்கே 1914இல்தான் வந்தது. இன்றும் பிரதி எண்ணிக்கை, பார்வையாளர் எண்ணிக்கை என்று பொய்க் கணக்குக் காட்டி விளம்பரம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இது பச்சைத் திருட்டு. மாட்டிக்கொள்வது கணக்கு எழுதியவர் அல்ல, அதை நம்பி வாக்குக் கொடுத்த விற்பனைப் பிரதிநிதி. பின்னால் நீங்கள் கடை திறக்கும்போது உங்களை நம்ப வேண்டியவர்களும் அதே வாடிக்கையாளர்கள்தான். அதனால் சேரும் முன்பே தணிக்கை செய்த எண்ணிக்கையைக் கேளுங்கள். காட்ட மறுத்தால் வேறு நிறுவனம் பாருங்கள்.